பரணிலிருந்து இறங்கிய கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

போகிக்கு இரண்டு நாள் முன்பு, பெரம்பூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் ஒரு கணினி கிடந்தது. 2009-இல் மகளின் படிப்புக்காக வாங்கியது, பல ஆண்டுகளாகப் பரணில் இருந்திருக்கிறது. “தம்பி, கடையில் கேட்டால் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாமா?” என்றார். “இதில் உங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும் சார்?” என்று கேட்டேன். தொழிற்சாலை நாட்களைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும், மகள் அனுப்பும் மின்னஞ்சலைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், லினக்ஸ்; அதில் பல வகைகள் உண்டு. பழைய கணினிக்கு எந்த லினக்ஸ் நல்லது என்று என்னிடம் வருகிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். வேலை தெரியாமல் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். விசிறியில் பஞ்சுபோல் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது தெரிந்தது: கோர் 2 டியோ செயலி, ரேம் எனும் தற்காலிக நினைவகம் 2 ஜி.பி. அதில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிட்டுவிட்ட எக்ஸ்பி.

செயலி ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவைத்தான் 32 பிட், 64 பிட் என்கிறோம். இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. எக்ஸ்பி 32 பிட், ஆகவே கணினியும் 32 பிட் என்று நினைத்துவிடுகிறார்கள். கோர் 2 டியோ வெளிவந்தது 2006-இல்; அது 64 பிட் செயலி. அந்தக் காலத்தில் 64 பிட் உடம்புக்கு 32 பிட் இயங்குதளத்தை மாட்டி விற்றது சர்வ சாதாரணம். உங்கள் கணினி எது என்று தெரிய, ஏதாவது ஒரு லினக்ஸை பென் டிரைவிலிருந்து இயக்கி, கட்டளைத் திரையில் ஐந்தே எழுத்து அடியுங்கள்: எல், எஸ், சி, பி, யு. எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி வேண்டாம். வரும் பட்டியலின் மேல் வரிகளிலேயே 32, 64 இரண்டும் தெரிந்தால் 64 பிட் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 32 மட்டும் என்றால் வழி குறுகுகிறது. கூகுள் குரோம் உலாவி 2016-லேயே 32 பிட் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பல லினக்ஸ்களுக்கு அடித்தளமான டெபியனில், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பை அப்படிப்பட்ட கணினியில் புதிதாக நிறுவ முடியாது. டெபியன் 12-இன் மேல் கட்டப்பட்ட, ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸில் 32 பிட் பதிப்பு இருக்கிறது. 2008 வாக்கில் வந்த குட்டி மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த ஆட்டம் என் 270 செயலிக்கு நான் அதைத்தான் போடுகிறேன்.

பெரியவரின் கணினிக்கு வருகிறேன். ஹார்டு டிஸ்கில் இருந்த படங்களை முதலில் வெளியே பிரதி எடுத்தோம். இதைச் செய்யாமல் நிறுவல் பொத்தானை அழுத்தியவர்கள் கண்ணீர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஆளுக்கொரு லினக்ஸ் ஏற்றிய மூன்று பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகச் செருகினேன். இந்த வசதிக்காகவே லினக்ஸைக் கும்பிடலாம். எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

முதலில் லுபுண்டு. பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் உலாவியில் மூன்றாவது பக்கம் திறந்ததும் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அடுத்து பப்பி லினக்ஸ். 2003-இல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர் தொடங்கியது. முழுவதையும் ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் பழைய ஹார்டு டிஸ்கின் முனகலே கேட்காது. வேகம் பிடித்திருந்தது, ஆனால் அதன் பழக்கவழக்கங்கள் தனி. எழுபது வயதைத் தாண்டியவரிடம் ‘செய்த மாற்றங்களைத் தனிக் கோப்பில் சேமிக்க வேண்டும்’ என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது ஆன்டிஎக்ஸ். ‘ஆன்டிக்ஸ்’ என்று உச்சரிக்க வேண்டுமாம். சும்மா இருக்கும்போது அந்தக் கணினியில் அது எடுத்துக்கொண்ட ரேம் 200 எம்.பி. சொச்சம்தான். 256 எம்.பி. ரேம் உள்ள பென்டியம் 3 கணினியிலும் ஓடும் என்று அதை உருவாக்குகிறவர்களே சொல்கிறார்கள். ஓடும், உண்மைதான், அதில் இன்றைய இணையப் பக்கத்தைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஏனென்றால் பாரம் இயங்குதளத்தில் இல்லை, உலாவியில் இருக்கிறது. 200 எம்.பி.யில் ஓடும் லினக்ஸைத் தேடிப் பிடித்துவிட்டு, அதில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. அதனால் பெரியவரின் கணினிக்கு ரிச்சி தெருவில் தேடிப் அந்தக் காலத்து டிடிஆர் 2 வகை ரேம் துண்டுகள் வாங்கி 4 ஜி.பி. ஆக்கினேன். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத, வேகமான சேமிப்பகமான ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டேன். எந்த லினக்ஸ் என்று ஒரு மாதம் விவாதிப்பதைவிட இந்த இரண்டும் அதிகம் கொடுக்கும். 4 ஜி.பி. வந்த பிறகு இன்னும் வசதிகள் உள்ள எம்எக்ஸ் லினக்ஸே போட்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போட்டிருக்கலாம். ஆன்டிஎக்ஸ் ஏற்கெனவே பெரியவருக்குப் பழகிவிட்டிருந்தது.

என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நிறுவிய பிறகு எந்த இணையதளமும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை. இணைப்பைச் சந்தேகித்தேன், கேபிளை மாற்றினேன், அரை மணி நேரம் போயிற்று. பெரியவர்தான் திரையின் ஓரத்தைக் காட்டி, “தம்பி, இதில் 2005 என்று போட்டிருக்கிறதே?” என்றார். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று எண் போட்டது. அது செத்துவிட்டால் கடிகாரம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி நினைத்துக்கொள்ளும். வாட்ச் கடையில் அந்த பேட்டரியை வாங்கிப் போட்டோம், சரியாயிற்று.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இப்படித்தான் முடங்கிக் கிடக்கின்றன. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ! அவற்றுக்கும் நான் சொன்ன வைத்தியமே பொருந்தும்.

கடைசியாகத் தமிழ். இலகுவான லினக்ஸ்களில் தமிழ் எழுத்துரு சில நேரம் கூடவே வராது, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், லோஹித் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் போதும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருளையும், அதில் தமிழ் எழுத்துகளுக்கென வகுத்த தமிழ் 99 விசைப்பலகை அமைப்பையும் வைத்துக் கொடுத்தேன். பெரியவர் தமிழ் எழுத்துகளைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதி, சோற்றுப் பசையால் விசைகளின் மேல் ஒட்டிக்கொண்டார். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு என்பது அவருக்கு இரண்டே நாளில் பிடிபட்டது.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். ஒட்டியதில் ஒரே ஒரு துண்டு மட்டும் தேய்ந்து உதிர்ந்திருந்தது. ஆங்கில எஃப் இருக்கும் இடம், தமிழ் 99-இல் புள்ளி வைக்கிற விசை.

வணக்கம்.