கறுப்பிக்கு நஞ்சு ஏறிய அன்று முதல் அரை மணித்தியாலம்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் எங்கள் வீட்டு வளவிலிருந்து பேசுகிறேன். பின்னால் படுத்திருக்கிறாளே, அவள்தான் எங்கள் நாய் கறுப்பி. போன கிழமை இதே திண்ணையில் எச்சில் நூல் நூலாக ஒழுக, நான்கு காலும் நடுங்கக் கிடந்தவள்.

அன்று காலை வயல் வட்டைக்குள் பூச்சிக்கு மருந்தடித்திருந்தார்கள். இவள் வரம்பால் ஓடித் திரிந்துவிட்டு வந்து, காலில் ஒட்டின சேற்றை நக்கியிருக்கிறாள். இருட்டு மூலையில் படுத்திருந்தும் கண்மணி கடுகளவாகச் சுருங்கிக் கிடந்தது. வாயில் நுரை, வயிற்றோட்டம், மூச்சு இழுப்பு.

பக்கத்து வீட்டு அம்மம்மா செம்பில் உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தா. பாசத்தில்தான் வந்தா. "வேணாம் அம்மம்மா" என்று கையைப் பிடித்துவிட்டேன். இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நடுங்கிற நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். உப்பு இரத்தத்தில் ஏறினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். பால் நஞ்சை முறிக்காது. மண்ணெண்ணெய் மாதிரியான கரைசலில் வரும் மருந்தென்றால், வாந்தி எடுக்க வைப்பதே ஆபத்து. வாந்தி வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? தம்பி வயல்காரரிடம் ஓடி மருந்துப் போத்தலை வாங்கி வந்தான். லேபிளைப் படமெடுத்து மிருக வைத்தியருக்கு அனுப்பிவிட்டு கோல் எடுத்தேன். எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அதற்குள் அம்மா கையில் சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டுக் கால்களைக் கழுவினா. வெறுங்கையால் கழுவக் கூடாது, அந்த மருந்து நம் தோலாலும் ஏறும். மறுகா சாக்கில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி, வலையிறவுப் பாலம் தாண்டி டவுனுக்கு.

லேபிளைப் பார்த்ததும் வைத்தியர் அந்த வகை நஞ்சுக்கான அற்றோபின் ஊசியைத் தொடங்கினார். எச்சில் வற்றி மூச்சு சீராகும் வரை திரும்பத் திரும்பப் போட்டார். என்ன மருந்தென்று தெரியாமல் போயிருந்தால் அந்த நேரமும் வீணாகியிருக்கும்.

எலி மருந்து வேறு கதை. இரத்தம் உறையாமல் செய்கிற வகையைத் தின்ற நாய் அன்றைக்கு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் முரசு (பல் ஈறு) வெளிறும், மூக்கால் இரத்தம் வரும். அதற்கு வைட்டமின் கே1 கிழமைக் கணக்கில் கொடுக்க வேண்டும். தின்றதைக் கண்டால் அன்றைக்கே கொண்டுபோங்கள். சிங்க் பொஸ்பைட் வகை எலி மருந்தென்றால் வயிற்றுக்குள் நச்சு வாயு உண்டாகும். சோறு வைக்காதீர்கள். வாந்தியில் உள்ளிப்பூண்டு மணம் வந்தால் நீங்களும் தள்ளி, காற்றோட்டமாக நில்லுங்கள்.

இப்போது மருந்தடிக்கிற நாட்களில் கறுப்பியைக் கட்டித்தான் வைக்கிறோம். இன்னுமொன்று, வைத்தியரின் இலக்கத்தை இப்பவே போனில் போட்டு வையுங்கள். அன்றைக்கு நான் அதைத் தேடியே பத்து நிமிடம் போனது.