ரப்பி ஜாக்கப்: சிரிப்பு யார் மேல விழுது?

வணக்கம் மக்களே! இன்னைக்கு 1973ல வந்த ஒரு ஃபிரெஞ்சு காமெடி. 'ரப்பி ஜாக்கபின் சாகசங்கள்'. ரப்பின்னா யூத மதகுரு. டைரக்டர் ஜெரார் ஊரி, ஹீரோ லூயி த ஃபுனே. ஃபிரான்ஸ்ல மட்டும் 70 லட்சம் டிக்கெட்டுக்கு மேல வித்துச்சு.

விக்டர் பிவேர்னு ஒரு ஃபேக்டரி முதலாளி. யூதர், அரபுக்காரர், கறுப்பர், பெல்ஜியம்காரர்னு யாரையுமே அந்த ஆளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் ஸ்லிமான்னு ஒரு அரபுப் புரட்சித் தலைவரோட மாட்டிக்கிட்டு, துரத்துறவங்ககிட்ட இருந்து தப்பிக்க ஓர்லி ஏர்போர்ட்ல தாடி ஒட்டி, ரப்பி வேஷம் போடுறாரு, கூடவே ஸ்லிமானும். நியூயார்க்ல இருந்து வர்ற நிஜ ரப்பி பிவேர்தான்னு நெனச்சு, பாரிஸ்ல யூதர்கள் வாழுற ரோசியே தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிடுறாங்க. அதுக்கப்புறம் ஒரே கூத்துதான்.

இந்த மாதிரிப் படத்துல பிரதிநிதித்துவம் எப்படின்னு கேட்டா, உடனே தலை எண்ண ஆரம்பிச்சிடுறோம். எத்தனை யூதர், எத்தனை அரபு, எத்தனை பெண்கள். எண்ணலாம், தப்பில்ல. ஆனா காமெடின்னா நான் முதல்ல பாக்குறது, சிரிப்பு யார் மேல விழுதுன்னுதான்.

பிவேரோட டிரைவர் சாலமோன் சீன் ஒண்ணு போதும். கார் ஏரிக்குள்ள தலைகீழாக் கிடக்கு. பொழுது சாயுது, யூதர்களோட ஓய்வு நாளான சபத் தொடங்கிடுச்சு, இனி வேலை செய்ய மாட்டேங்கிறான் சாலமோன். "நீ யூதனா?"ன்னு பிவேருக்கு ஆடிப்போகுது. கொஞ்சம் யோசிச்சுட்டு, பரவாயில்ல, இருந்தாலும் உன்னை வேலைக்கு வச்சுக்கிறேன்னு பெருந்தன்மையாச் சொல்றாரு பாருங்க! யூதரைப் பாத்து நாம சிரிக்கல. தான் ரொம்ப நல்லவன்னு நம்பிக்கிட்டிருக்கிற அந்த மனுஷனைப் பாத்துத்தான் சிரிக்கிறோம்.

எழுதினவங்களுக்கு இது வெளியில இருந்து பாத்த உலகம் இல்ல. ஊரியே யூதர், நாஜி காலத்துல சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனவர். நிஜ ரப்பியா வர்ற மார்செல் தாலியோவோட முகத்தை, 'யூதன் இப்படித்தான் இருப்பான்'னு நாஜிகள் போஸ்டர் அடிச்சு ஒட்டினாங்க. அவரோட அப்பா அம்மா முகாம்ல செத்துப்போனாங்க. அதே முகம் இந்தப் படத்துல ஊரே கொண்டாடுற ரப்பி முகம். எனக்கு இதைவிடப் பெரிய நடிகர் தேர்வு தோணல. (காசாபிளாங்கா படத்துல சூதாட்ட மேஜைக்காரரா வர்றாரே, அவரேதான்.)

அரபுப் பக்கம் வந்தா கதை மாறுது. ஸ்லிமானா நடிச்சது க்ளோத் ஜிரோன்னு ஒரு ஃபிரெஞ்சு நடிகர். வில்லன் ஃபாரெஸா வர்றது இத்தாலிக்காரர் ரென்சோ மொன்டஞானி. ஸ்லிமானோட நாட்டுக்குப் பேரே கிடையாது. அதே 1973ல ஃபிரான்ஸோட மார்செய் நகரத்துல அல்ஜீரியத் தொழிலாளிகளை அடிச்சுக் கொன்னுக்கிட்டிருந்தாங்க. டிசம்பர்ல அல்ஜீரியத் தூதரக அலுவலகத்துலயே குண்டு வெடிச்சு 4 பேர் செத்தாங்க. ஃபேக்டரி நடத்துற முதலாளி படத்துல ஒரு அல்ஜீரியத் தொழிலாளி முகம்கூட மனசுல நிக்கிற மாதிரி இல்ல. கறுப்பர்களும் ஒரு ஜோக்குக்கு எட்டிப் பாத்துட்டுப் போயிடுறாங்க.

சொல்லப்போனா ரிலீஸே பதட்டத்துக்கு நடுவுலதான். அக்டோபர் 18, அரபு-இஸ்ரேல் போர் நடக்குது. படத்தைத் தடை செய்யணும்னு, படத்தோட விளம்பர வேலையைப் பாத்தவரோட மனைவியே பாரிஸ்ல இருந்து நீஸ் போற விமானத்தைக் கடத்துறாங்க. மார்செய் பக்கம் தரையிறங்கினப்போ போலீஸ் சுட்டதுல இறந்துட்டாங்க.

அந்த நேரத்துல ஸ்லிமானும் சாலமோனும் கை குலுக்குறாங்க, நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கணுமேன்னு ஒரு வசனம் வருது. அருமை. ஆனா எனக்கு இடிக்கிறதும் அங்கதான். அந்த உறவுக்கு நடமாடுற சாட்சி அப்ப ஃபிரான்ஸ்லயே இருந்துச்சு. 1962ல அல்ஜீரியா விடுதலை ஆனப்போ அங்கிருந்த யூதர்கள்ல பெரும்பாலானவங்க ஃபிரான்ஸ் வந்துட்டாங்க, துனிசியாவுல இருந்தும் மொராக்கோவுல இருந்தும் வந்தாங்க. அவங்கள்ல பலர் அரபியில பேசி, அரபு இசை கேட்டு வளர்ந்தவங்க. ரோசியே தெருவுல ஊரி காட்டுறது எல்லாம் கிழக்கு ஐரோப்பா யூதர் உலகம்: கறுப்பு கோட்டு, அவங்க பேசுற இட்டிஷ் மொழி, அவங்களோட டான்ஸ்.

துனிஸ்ல இருந்து வந்த ஒரு யூதப் பாட்டியை அந்தக் கூட்டத்துல விட்டிருந்தா, ரப்பி வேஷத்துல நிக்கிற ஸ்லிமான்கிட்ட நேரா அரபியிலயே "எந்த ஊருப்பா நீ?"ன்னு கேட்டிருப்பாங்க. அவனும் வாய் தவறி அரபியில பதில் சொல்லியிருப்பான். வேஷம் கலைஞ்சிருக்கும், பிவேர் மூஞ்சி போற போக்கைப் பாக்க ரெண்டு கண்ணு போதாது. அந்த சீனை எழுதாம விட்டுட்டாங்களே!

சரி மக்களே, அடுத்த வீடியோல பாப்போம்.