எகனாமிக்கலி: சிக்கனமா, பொருளாதாரமா?

வணக்கம். விடியுமுன் அடுப்பு மூட்டி, ஊர் உறங்கிய பிறகு கடைசிப் பானையைக் கழுவிக் கவிழ்க்கும் ஒரு வன்னித் தாயை 'செயற்படாதவர்' என்று எழுதி வைக்கிறது 'எகனாமிக்கலி இனெக்டிவ்' என்ற ஆங்கிலச் சொற்றொடர். அதில் வரும் வினையடைதான் இன்றைய சொல்: எகனாமிக்கலி.

இலக்கணத்தை விரைவாக முடித்துவிடுவோம். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்த. எகனாமிக்கல் என்றால் சிக்கனமான. பெயரடைகள் இரண்டு, இரண்டுக்கும் வினையடை ஒன்றே. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இடறுவது இங்கேதான்.

இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பார்கள். "யூஸ் த வோட்டர் எகனாமிக்கலி" என்றால் அந்த நீரை வீணாக்காமல் பாய்ச்சுங்கள் என்று பொருள். வினையைத் தழுவி, பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும்போது இது சிக்கனம். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து காற்புள்ளியும் பெற்றால் 'பொருளாதார ரீதியில்' என்று மாறிவிடும்.

பெயரடைக்கு முன்னால் வந்தாலும் பெரும்பாலும் பொருளாதாரம்தான். இனித்தான் எனக்கு மனம் கொதிக்கும் இடம் வருகிறது. இலங்கையின் தொழிற்படைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலை செய்பவரும் வேலை தேடுபவரும் 'எகனாமிக்கலி எக்டிவ்'. மற்ற அனைவரும் 'இனெக்டிவ்'. குடும்ப வயலில் கூலி வாங்காமல் களை பிடுங்கும் பெண் முதல் பட்டியலில் வருவார். தன் வீட்டுச் சமையல், துவையல், பிள்ளைகள் என்று மட்டும் ஓடுபவர் இரண்டாவது பட்டியலில். கணக்கெடுப்புக்கு எங்கேயோ ஒரு கோடு போட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள்! கிரேக்க மொழியில் 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு. 'ஒய்க்கோனோமியா' என்றால் வீட்டு நிர்வாகம். இருப்பதைப் பகிர்ந்து குடும்பம் நடத்துவதற்கு வைத்த பெயர்தான் நாட்டின் பொருளாதாரம் வரை வளர்ந்திருக்கிறது. வளர்ந்த பிறகு, வீட்டை நடத்துபவரையே வெளியே நிறுத்திவிட்டது. அரை மூட்டை அரிசியை அடுத்த அறுவடை வரை இழுத்துச் செல்லும் பெண்ணுக்கு இந்த வினையடையின் இரண்டு பொருளும் தெரியும். அவரைச் செயற்படாதவர் என்பது அநீதி என்றே நான் சொல்வேன்.

பூநகரியில், புதுக்குடியிருப்பில், மாங்குளத்தில் இருந்து பார்க்கும் உறவுகளே, அந்த 'இனெக்டிவ்' என்ற சொல்லுக்குப் பதிலாக நீங்கள் எந்தச் சொல்லை வைப்பீர்கள்? கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.