நின்றதா குற்றம்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவருக்கும் அவையோருக்கும் வணக்கம். விபசாரச் சட்டம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசைப் பாட்டிமார் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன். உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். மலாய் மொழியில் வாசிக்கும் குற்றச்சாட்டைத் தமிழில் சொல்வதுதான் வேலை. திருட்டு, அடிதடி, சம்சு சாராயக் கேஸ் என்றால் வாய் தானாகவே பேசிவிடும். குற்றவியல் சட்டம் 372பி பிரிவில் மட்டும் தடுமாறுவேன். விபசாரத்துக்காக எந்த இடத்திலும் ஆளைக் கூப்பிட்டால், நச்சரித்தால், ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஒருநாள் நான் இதைச் சொல்லி முடித்ததும் கூண்டிலிருந்த பெண் கேட்டார்: "ஐயா, நான் யாரையும் கூப்பிடலையே, நின்னுக்கிட்டுதானே இருந்தேன். நின்னது குத்தமா, செய்யிற தொழில் குத்தமா?"

மொழிபெயர்ப்பாளன் பதில் சொல்லக்கூடாது. சொல்லலாம் என்றாலும் அன்று எனக்குத் தெரியாது.

அப்புறம் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பணத்துக்கோ பொருளுக்கோ உடலைத் தருவதுதான் விபசாரம் என்று 372 விளக்கம் சொல்கிறது. ஒருவரை அதில் தள்ளிச் சுரண்டினால் 15 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். அந்த வருமானத்தில் பிழைப்பவனுக்கு 372ஏ, விடுதி நடத்துபவனுக்கு 373. ஆனால் அந்தத் தொழிலைச் செய்பவருக்கு அதற்காகவே தண்டனை என்று சொல்லும் பிரிவைத் தேடினேன், கிடைக்கவில்லை. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம் தனியாக இருக்கிறது. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் விபசாரத்தையே குற்றம் என்கிறது. அது நம் பெண்களுக்குப் பொருந்தாது. ஆக, சோறு பொங்கலாம், அடுப்பு பற்றவைக்கக் கூடாது! (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள், சரி. இதையும் கேளுங்கள். இரண்டு பேர், வேறு வேறு நேரத்தில் என்றாலும், இந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தும் எந்த இடமும் 373இன்படி விபசார விடுதிதான். பயத்துக்குத் துணையாக இன்னொருத்தியோடு ஓர் அறையைப் பகிர்ந்தால் அந்த அறை விடுதியாகிவிடுகிறது. தனியே போனால்? அடித்தவன் மேல் புகார் கொடுக்கப் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போகும்போது, "அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்ற கேள்விக்கு அவள் என்ன சொல்வாள்?

சிங்கப்பூர் கேலாங்கிலும் கதை இப்படித்தான். விடுதி நடத்துவது சட்டப்படி குற்றம், ஆனால் சில வீடுகளைப் போலீஸ் விட்டுவைத்திருக்கிறது. இங்கே கோலாலம்பூர் சௌ கிட்டில் லோரோங் ஹாஜி தாயிப்பைத் தெரியாத லாரி டிரைவர் உண்டா? சிவப்பு விளக்குப் பகுதி என்று எந்தச் சட்டமும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. சோதனை வரும், போகும், தெரு அப்படியே இருக்கும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டத்தை விற்றார்கள், லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பட்டணம் போன எல்லோருக்கும் ஃபேக்டரி வேலையா காத்திருந்தது? குற்றச்சாட்டு வாசிக்கும்போது நான் எந்த ஊர் என்று கேட்பதில்லை. பேச்சிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் விதித்தார்கள். கட்டியது யார் தெரியுமா? அவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திய ஆள். 372ஏ அவருக்காகவே எழுதியது போலிருக்கும், ஆனால் அன்று நான் வாசித்த எதிலும் அவர் பெயர் இல்லை. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காரை ஸ்டார்ட் செய்து காத்திருந்தார்.