கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

மேலதிகாரி உங்களைத் தனியாகக் கூப்பிடுகிறார். பக்கத்தில் எச்.ஆர். அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். தட்டச்சு செய்த கடிதம் ஒன்று மேசைமேல் தயாராக இருக்கிறது. "நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க, அதுதான் உங்களுக்கு மரியாதை" என்கிறார்கள். தொழிலாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அடிக்கடி கேட்பது இதைத்தான். சொல்பவர்களில் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகுதான் வருகிறார்கள். அதனால் இன்றைக்கு இதைப் பற்றியே பேசுகிறேன்.

நிறுவனமே உங்களை வேலையை விட்டு நீக்கலாமே, ஏன் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறது? நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை 1982-இல் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது, நடத்தை சரியில்லை என்றால் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், நீக்கத்தை எதிர்த்து அவர் முறையிட வழி இருக்க வேண்டும் என்கிறது அது. தொழிற்சங்கத்தில் சேர்ந்தது, மகப்பேறு விடுப்பு எடுத்தது, முதலாளிமேல் புகார் கொடுத்தது, இவையெல்லாம் நீக்குவதற்குக் காரணமே ஆகாது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் இதே போன்ற பாதுகாப்பு பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் உங்களை விட்டுப் போய்விடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமையும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, அந்த அறையில் என்ன செய்வது? "யோசித்துச் சொல்கிறேன், ஒரு நகல் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இத்தனை மணிக்கு, இன்னார் முன்னிலையில், ராஜினாமா கேட்டார்கள், எனக்கு விருப்பமில்லை, நாளை வழக்கம்போல வேலைக்கு வருவேன். அப்புறம் மறுநாள் கட்டாயம் போங்கள். போகாவிட்டால், தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். வாசலில் தடுத்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இது என் விருப்பத்தோடு கொடுத்ததல்ல, திரும்பப் பெறுகிறேன் என்று இன்றைக்கே எழுதுங்கள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் உங்கள் பேச்சின் பலம் குறையும். நீக்கல் கடிதத்தையே நேரில் கொடுத்தால், "பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள்.

இந்த அறைக்கு வந்து சேர்வதற்கு முன்பே பல மாதம் தொல்லை நடந்திருக்கும். மேலதிகாரி கண்டிப்பாக வேலை வாங்கினால் அது அநியாயம் ஆகாது. நாலு பேர் முன்னால் கேவலமாகத் திட்டுவதும், வேலையைப் பறித்துவிட்டுச் சும்மா உட்கார வைப்பதும் நிச்சயம் அநியாயம். அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, 2019-இல் வந்தது, மன உளைச்சல் தரும் நடத்தையையும் துன்புறுத்தலாகவே பார்க்கிறது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும். பயிற்சியாளர்களும் வேலை தேடி வருகிறவர்களும்கூட அதற்குள் அடங்குவார்கள். ஆகவே தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வந்த மெமோ எல்லாவற்றுக்கும் வீட்டில் நகல் இருக்கட்டும். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை மட்டும் எடுத்து வராதீர்கள். அதையே உங்கள்மேல் குற்றச்சாட்டாக ஆக்கிவிடுவார்கள்.

தனியாக நிற்பவரைத்தான் முதலில் குறிவைப்பார்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். அதே அமைப்பின் 1948-இன் 87-ஆம் உடன்படிக்கை அந்த உரிமையைச் சொல்கிறது. சங்கம் இல்லாவிட்டால், இதே தொல்லையை அனுபவிக்கும் சக ஊழியர்களோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

கடைசியாக, காலக்கெடு. ஜெர்மனியில் நீக்கல் கடிதம் கைக்கு வந்த மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் போயாக வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை நாள் என்பதைத் தொழிலாளர் அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ இந்த வாரமே கேட்டுவிடுங்கள். போகும்போது அந்தக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.