நீர் மாத்திரையும் எடை மெஷினும்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சீக்கிரமே கேமராவை வைத்துவிட்டேன். பின்னால் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரிகிறதா? இருங்கள், கிட்டே காட்டுகிறேன். ஃபோகஸ் ஆக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. ம், இப்போது சரி. சுண்டுவிரல் நகத்தளவு ஒரு வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. ஃபியூரோசமைடு, 40 மில்லிகிராம். நம் பேச்சில் நீர் மாத்திரை. உங்கள் முன்னாலேயே போட்டுவிடுகிறேன். போட்டாச்சு. மணி 6.40. நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மூன்று வருஷமாக இதைச் சாப்பிடுகிற ஆள். பிபி இருக்கிறது, இதயத்தின் பம்பிங்கும் கொஞ்சம் குறைவு, அதனால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். பட்டதையும், டாக்டரைக் குடைந்து தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதல் வருஷத்தில் நான் அடித்த கூத்தைச் சொன்னால் பாதி விஷயம் அதிலேயே முடிந்துவிடும். வெளியூர் போக வேண்டியிருந்தது, எட்டு மணி நேரப் பஸ். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்குத் தெரியும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பாத்ரூம் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். பஸ்ஸில் எங்கே போவது? போகிற அன்றைக்கு விட்டேன். மறுநாள் முழுக்க அலைச்சல், விட்டேன். திரும்புகிற அன்றைக்கும் விட்டேன். ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு தைரியம் வேறு. அன்று ராத்திரி சாக்ஸைக் கழற்றினால், ரப்பர் பதிந்த இடம் கயிறு கட்டி எடுத்த மாதிரி பள்ளமாக இருந்தது. மறுநாள் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது.

அந்த இடத்தில் டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டேன். விடிய விடியத் தூக்கம் இல்லை. எத்தனை தடவை எழுந்தேன் என்று கணக்கே இல்லை. நாலு மணி வாக்கில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. அதை உதறிக்கொண்டே வெடுக்கென்று எழுந்தேன், கண் இருட்டியது, வாஷ்பேசினில் போய் இடித்தேன். இதோ, புருவத்துக்கு மேலே இந்தத் தழும்பு அன்றைக்கு வாங்கியதுதான். இந்த மாத்திரை நீரோடு சேர்த்துப் பொட்டாசியம் என்ற தாதுச்சத்தையும் வெளியேற்றிவிடும். ரத்தப் பரிசோதனையில் அது 3.1. 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது. “பயணம் என்று சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றித் தந்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார். அதாவது, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், அல்லது சீக்கிரம் எழுந்து போட்டுவிட்டு, அதன் வேகம் அடங்கிய பிறகு பஸ் ஏறலாம். நேரத்தில் இடம் இருக்கிறது. எண்ணிக்கையில்தான் நாம் கை வைக்கக் கூடாது.

காலையில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மதியத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் ஆகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான ஒன்று. இரண்டாகப் போடுவதில்லை. எனக்குச் சொல்லப்பட்டது இது. சிலருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை எழுதியிருப்பார்கள். அவர்கள் இரண்டாவதை மதியம் தாண்டியதும் போட்டுவிடுவது நல்லது, ராத்திரித் தூக்கம் மிஞ்சும். ஃபியூரோசமைடின் பழைய வணிகப் பெயர் லாசிக்ஸ். ஆறு மணி நேரம் நீடிக்கும், லாஸ்ட்ஸ் சிக்ஸ், அதனால் லாசிக்ஸ் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இந்த ஒரு பெயரை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், எத்தனை மணிக்குப் போட்டால் எத்தனை மணி வரை என்று.

சரி, இது உள்ளே போய் என்னதான் செய்கிறது? நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதியெல்லாம் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அப்படி உள்ளே எடுக்கும்போது முதலில் உப்பை இழுக்கும், தண்ணீர் அதன் பின்னாலேயே வரும். இந்த மாத்திரை, உப்பை உள்ளே இழுக்கிற ஒரு வாசலை அடைத்துவிடுகிறது. உப்பு வெளியே போகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. பெயர்தான் நீர் மாத்திரை, உண்மையில் இது உப்பு மாத்திரை. இது புரிந்த அன்றைக்குத்தான் டாக்டர் ஏன் ஒவ்வொரு தடவையும் உப்பைக் குறை, உப்பைக் குறை என்கிறார் என்று உறைத்தது. மாத்திரை ஒரு பக்கம் இறைக்க, நாம் இன்னொரு பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தால் எப்படி? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தலைதட்டி எடுத்தால் ஒரு டீஸ்பூன் கூட இல்லை.

எல்லா நீர் மாத்திரையும் ஒன்று இல்லை, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நான் போட்டது கொஞ்சம் முரட்டு ரகம், வீக்கத்துக்குக் கொடுப்பது. டோர்செமைடும் இதே ஜாதி. வெறும் பிபிக்குப் பெரும்பாலும் தையசைடு ரகம் கொடுப்பார்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு. இவை அவ்வளவு ஓட விடாது. ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்யும், நாளாக ஆக ரத்தக் குழாயைத் தளர்த்தியும் பிபியை இறக்கும். இந்த ரகத்தின் முதல் மாத்திரை 1958-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு நீரை இறக்கப் பாதரசம் கலந்த ஊசிதான் போட்டார்களாம், நினைத்தாலே பகீர் என்கிறது. பழைய மருந்து என்று இளக்காரமும் வேண்டாம். 2002-ல் வெளிவந்த ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் குளோர்தாலிடோன் அப்போதைய புது மாத்திரைகளுக்குச் சளைக்கவில்லை. மூன்றாவது ரகம் ஸ்பைரனோலாக்டோன் மாதிரி. அது பொட்டாசியத்தை வெளியே விடாது. ஆண்களுக்குச் சில சமயம் மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் மாற்று மருந்து கொடுப்பார்கள்.

இன்னொன்று. பிபி மாத்திரை பலவற்றில் தையசைடு ஏற்கெனவே கலந்திருக்கும். ஒரு டாக்டர் அதை எழுத, இன்னொருவர் தனியாக நீர் மாத்திரை எழுத, இரண்டும் சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். வேண்டுமென்றே இரண்டு ரகத்தைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, அது வேறு. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண்ணாடி போட்டாவது படியுங்கள். எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுவது என் வழக்கம்.

இப்போது என் பொக்கிஷத்தைக் காட்டுகிறேன். இதோ இந்த நோட்டு. ஓரமெல்லாம் நைந்துவிட்டது. தேதி, எடை, பிபி, கால். அவ்வளவுதான் நாலு பத்தி. காலையில் எழுந்து, சிறுநீர் போய்விட்டு, எதுவும் குடிப்பதற்கு முன்னால், அதே மெஷினில், அதே மாதிரி மெல்லிய உடையில் நின்று பார்ப்பேன். நேற்று 71.4, இன்றைக்கு 71.6. இந்த 200 கிராமுக்கெல்லாம் நான் அசர மாட்டேன். ஆனால் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் போன் செய்ய வேண்டும் என்பது எனக்குப் போட்ட கோடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏறாது, ஏறினால் அது தண்ணீர்தான். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மெஷினுக்குத் தெரிந்துவிடும். எடை சரசரவென்று இறங்கிக்கொண்டே போனாலும் சொல்ல வேண்டும், அது அளவுக்கு மேல் வற்றுகிறோம் என்று அர்த்தம்.

கால் பத்தியில் என்ன எழுதுகிறேன் என்றால், முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்துவேன். கேமராவைக் கீழே திருப்புகிறேன், பாருங்கள். எடுத்துவிட்டேன். லேசான குழி தெரிகிறதா? உடனே நிரம்பிவிட்டது. கெட்ட நாளில் இந்தக் குழி பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே நிற்கும்.

ஆனால் எல்லா வீக்கத்துக்கும் நீர் மாத்திரை மருந்து இல்லை. இது எனக்கு ரொம்ப தாமதமாகத் தெரிந்தது. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை நிறையப் பேர் போடுகிறார்கள். அதுவே கணுக்காலை வீங்க வைக்கும். அந்த வீக்கம் உடம்பில் தண்ணீர் சேர்ந்ததால் வருவதில்லை, சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் வருவது. அதற்குப் போய் நீர் மாத்திரை போட்டால் வீக்கம் சரியாக இறங்காது, உப்புச்சத்துதான் இறங்கும். புது மாத்திரை தொடங்கிய பிறகு கால் வீங்கியதா என்று தேதியோடு சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு சமாச்சாரம். ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். மாத்திரை தொடங்கியதும், அளவை மாற்றியதும், சில வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், மூன்றையும் பார்ப்பார்கள். பல பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பொட்டாசியம் குறைந்தால் தசை சுண்டும், உடம்பு துவளும், நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பே தாளம் தப்பலாம். டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. சோடியம் குறைவது இன்னும் கள்ளத்தனமானது, தையசைடு சாப்பிடுகிற வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம் வரும். தலைவலி, குமட்டல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். வீட்டில் உள்ளவர்கள் ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

பொட்டாசியம் குறையும் என்று கேட்டதும் சிலர் தாமாகவே பொட்டாசியம் மாத்திரை வாங்கிப் போடுவார்கள், அல்லது சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதற்கு மாறுவார்கள். அந்த உப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரனோலாக்டோனோ, ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரையோ சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் எகிறிவிடும். எகிறினால் சத்தமே இல்லாமல் இதயத்தை நிறுத்தக் கூடியது அது. நல்லது என்று நினைத்துச் செய்கிற காரியம்தான் இதில் எனக்குப் பயம்.

அதே மாதிரிதான் வலி மாத்திரை. முட்டி வலி, முதுகு வலி என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக். இவை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். நீர் மாத்திரை ஒன்று, ராமிப்ரில், லோசார்டன் மாதிரி பிபி மாத்திரை ஒன்று, கூட இந்த வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். எனக்கு வலி வந்தால் டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால், அதுவும் அளவோடு. மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், உடம்பில் லித்தியம் ஏறிவிடும். சர்க்கரை, யூரிக் ஆசிட் இருந்தால் அதையும் சொல்லுங்கள், கால் பெருவிரல் கணு சிவந்து வீங்கினால் அதையும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்த நாள் இருக்கிறதே, அன்றைக்கு உடம்பு ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும். மாத்திரையும் சேர்ந்து உறிஞ்சினால் தாங்காது. நிறுத்தலாமா, எத்தனை நாள், எப்போது மறுபடி தொடங்குவது என்பதை நல்லாயிருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதோ, நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதும் அங்கேதான். அது ஆளுக்கு ஆள் வேறுபடும், என் அளவைச் சொல்ல மாட்டேன். எந்த நிலையில் யாரையும் கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் இருக்கிறது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், மயங்கி விழுந்தால், நெஞ்சு கன்னாபின்னா என்று அடித்தால், சிறுநீர் நின்றுபோனால், ஆள் குழம்பிப் பேசினால்.

எழுந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, என் புருவம் சொல்லச் சொல்கிறது. படுக்கையிலிருந்து நேராக நிற்காதீர்கள். முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். உடம்பு இளைக்க இந்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குறைவது தண்ணீர்தான், ஒரு சொம்பு குடித்தால் திரும்ப வந்துவிடும். சிறுநீரகம் கெட்டால் வராது. அதற்கு மேல் அதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்து, தையசைடு சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகுவதைப் பற்றிச் சொல்லலாம் என்று இருந்தேன். மணி என்ன? 7.20. பார்த்தீர்களா, நாற்பது நிமிஷம். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. மெதுவாக எழுகிறேன், பிடித்துக்கொண்டு. கேமராவை யாராவது அணையுங்களேன்!