செயற்கைக்கோள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஏன் டேட்டாவை நிறுத்தப் பார்த்தார்கள்?

[திரையில்: அட்லாண்டிக் கடல் மேல் சுழலும் புயல். மூலையில் தேதி: ஜூன் 25, 2025]

வணக்கம். 2025 ஜூன் 25. அட்லாண்டிக்கில் புயல் பருவம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசு நிறுவனமான நோவா ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. டிஎம்எஸ்பி செயற்கைக்கோள்களின் டேட்டா ஜூன் 30-க்கு மேல் வராது. அவ்வளவுதான். ஐந்து நாள் அவகாசம்.

டிஎம்எஸ்பி என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள் வரிசை. அதில் எஃப்-16, எஃப்-17, எஃப்-18 என்ற மூன்றும் அன்றைக்கும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. 2003, 2006, 2009 ஆண்டுகளில் ஏவப்பட்டவை. வயதானவை, ஆனால் டேட்டா அனுப்பிக்கொண்டிருந்தவை. கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கணினி மையம் இருக்கிறது. நிற்கப் போனது அங்கிருந்து டேட்டா வெளியே போகும் வழி. சொன்ன காரணம், கடுமையான சைபர் பாதுகாப்பு ஆபத்து.

புயல் கணிப்பாளர்களும் துருவப் பனியை அளப்பவர்களும் கொதித்துப்போனார்கள். கெடு ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. ஜூலை முடிவதற்குள் கடற்படையே இறங்கிவந்து, கருவிகள் உயிரோடு இருக்கும்வரை, அல்லது 2026 செப்டம்பரில் திட்டம் முடியும்வரை, டேட்டா தொடரும் என்றது.

சரி, மியாமியில் உட்கார்ந்து பொதுமக்களுக்குப் புயல் எச்சரிக்கை விடுபவர் எதற்காகக் கடற்படையின் கணினியை நம்பியிருக்கிறார்? வானத்தில் இருந்து வரும் வானிலை டேட்டா ராணுவத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்த்தால் இதற்கும் பதில் கிடைத்துவிடும்.

[திரையில்: ஒரே புயல், இரண்டு படங்கள். இடது: சாதாரணப் படம். வலது: நுண்ணலைப் படம்]

முதலில், அந்தப் பழைய செயற்கைக்கோளில் அப்படி என்ன இருக்கிறது? இடது பக்கப் படத்தைப் பாருங்கள். புயலின் உச்சியில் பரவிக்கிடக்கும் வெண்மேகம் மட்டும் தெரிகிறது. கண் எங்கே, அதைச் சுற்றி மழைச்சுவர் முழுதாக மூடிவிட்டதா என்பதெல்லாம் மேகத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. வலது பக்கம் நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ் படம். மேலே படர்ந்த மெல்லிய பனித்துகள் மேகத்தை அது ஊடுருவிவிடும். இரவானாலும் பிரச்சினை இல்லை. கண்ணைச் சுற்றிய வளையம் இறுகுவதை இதில் பிடித்துவிடலாம். ராத்திரியோடு ராத்திரியாகப் புயல் வேகமாக வலுப்பெறுவதற்கு அது ஒரு முன்னறிகுறி.

இந்த நுண்ணலைக் கருவி நொடிக்கு 20 கிலோபிட்கூட டேட்டா தருவதில்லை. சுவோமி என்பிபி என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் தரைநிலையத்துக்கு இறக்குவது நொடிக்கு 300 மெகாபிட். பெரிய டேட்டா என்றதும் டெராபைட்டில் பேசுகிறோமே, அந்தக் கணக்கில் டிஎம்எஸ்பி கருவிக்கு இடமே கிடையாது. ஆனாலும் அது நிற்கும் என்றதும்தான் இத்தனை கூச்சல்.

[திரையில்: 1960-களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். பாராசூட்டில் இறங்கும் ஃபிலிம் பெட்டி]

இந்த வரிசை பிறந்ததே உளவுக்காகத்தான். 1960-களின் தொடக்கத்தில் கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள்கள் சோவியத் நிலத்தை ஃபிலிமில் படம் பிடித்து, அந்த ஃபிலிமைப் பெட்டியில் வைத்துக் கீழே போட்டன. கழுவிப் பார்த்தால் படத்துக்குப் படம் மேகம். எங்கே வானம் தெளிவாக இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் ஃபிலிம் வீணாகாது இல்லையா? அதற்காக ரகசியமாகச் செய்த சின்ன வானிலைச் செயற்கைக்கோள் 1962 ஆகஸ்ட் 23 அன்று முதல் முறையாக வெற்றிகரமாகச் சுற்றுப்பாதைக்குப் போனது. அதே அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது, கரீபியன் பகுதியில் உளவு விமானங்களை எப்போது அனுப்பலாம் என்று பார்க்க அது உதவியது. பிறகு வியட்நாம் போர். சைகோனிலேயே ஒரு தரைநிலையம் வைத்தார்கள். இப்படி ஒரு திட்டம் இருப்பதையே 1973-ல்தான் வெளியே ஒப்புக்கொண்டார்கள்.

1980-களில் டேட்டா பெருகியது. ராணுவத்துக்கும், நோவா போன்ற ராணுவம் சாராத பொதுத்துறைக்கும் தேவைப்பட்டது கிட்டத்தட்ட ஒரே விஷயம். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கணினி வாங்கி அதே வேலையை ஏன் செய்யவேண்டும்? வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நெப்ராஸ்காவின் ஆஃபட் தளத்தில் இருக்கும் விமானப்படை மையம் மேகங்களை எடுத்துக்கொண்டது. நோவா, காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகிறது என்ற கணக்கை எடுத்துக்கொண்டது. மிசிசிப்பியின் ஸ்டென்னிஸில் உள்ள கடற்படையின் கடலியல் அலுவலகத்துக்குக் கடல் மேற்பரப்பு வெப்பம். மான்டெரேவுக்கு டிஎம்எஸ்பியின் நுண்ணலை டேட்டா. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சமைத்து மற்ற மூவருக்கும் தருவது என்று ஏற்பாடு.

மியாமி ஏன் மான்டெரேயை நம்பியது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். காசை மிச்சப்படுத்திய நல்ல ஏற்பாடு, என்னைக் கேட்டால். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து ஒரு மையத்தின் கணினிக்கு வயதானால் மற்றவர்களும் சேர்ந்து தவிக்க வேண்டியிருக்கிறது.

[திரையில்: வட துருவத்தின் வரைபடம். ஸ்வால்பார்ட் தீவில் சிவப்புப் புள்ளி]

இப்போது டேட்டாவோடு கூடவே போவோம். சுவோமி என்பிபி 2011 அக்டோபரில் ஏவப்பட்டது. சுமார் 824 கிலோமீட்டர் உயரம், துருவங்கள் வழியாகப் பூமியை ஒரு முறை சுற்றி முடிக்க ஏறக்குறைய 101 நிமிடம், நாளைக்கு 14 சுற்று. சென்னையில் ஆன்டெனா வைத்தால் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் வரும். துருவத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிடிக்கலாம். அதனால்தான் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவு, 78 டிகிரி வடக்கு. எட்டு நிமிடம் முழுதாகப் பார்வையில் கிடைத்தால், 300 மெகாபிட் கணக்கில், அதிகபட்சம் 18 ஜிகாபைட் இறக்கலாம்.

இறக்கியாயிற்று, அப்புறம்? தீவில் இருந்து நார்வே நிலப்பகுதிக்குக் கடலடியில் இரண்டு கண்ணாடி இழைக் கேபிள்கள் ஓடுகின்றன. அவற்றைப் போடுவதற்கான பணத்தில் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் திட்டமும் நாசாவும் பங்கு கொடுத்தன. 2022 ஜனவரியில் ஒரு கேபிள் சேதமானது. இன்னொன்று இருந்ததால் சேவை தப்பியது. இதில் ஓர் அரசியல் நெளிவும் உண்டு. ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின் 9-வது பிரிவு, தீவுகளைப் போர் நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இறங்குவது பொதுத்துறைச் செயற்கைக்கோளின் டேட்டா. ஆனால் போய்ச்சேரும் இடங்களில் ஆஃபட்டும் மான்டெரேயும் உண்டு. நார்வேயில் இது பற்றி விவாதமே நடந்தது.

[திரையில்: எண்கள் நிறைந்த கோப்பு மெல்ல ஒரு வரைபடமாக மாறுகிறது]

மையத்துக்கு வந்து சேர்வது படம் கிடையாது. வெறும் எண்கள். கருவி எதைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னது என்று முதலில் தெரியவேண்டும். கடைக்காரர் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பார் அல்லவா? நுண்ணலைக் கருவியும் ஒவ்வொரு சுழற்சியிலும் அதையே செய்கிறது. தனக்குள் இருக்கும், வெப்பநிலை தெரிந்த ஒரு சூடான பொருளை ஒரு முறை பார்க்கும்; கடுங்குளிரான விண்வெளியை ஒரு முறை பார்க்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் பூமியில் இருந்து வந்த எண் வெப்பநிலையாக மாறுகிறது.

எஃப்-16-ல் அந்தச் சூடான பொருளின் மேலேயே சூரிய ஒளி விழுந்துவிட்டது. போதாதற்கு, எதிரொளிக்கும் தட்டும் சூடாகித் தன் பங்குக்கு அலையைக் கலந்துவிட்டது. பூமியின் வெப்பக் கணக்கு தவறியது. ஏவிய பிறகு விண்வெளிக்குப் போய்ப் பழுது பார்க்க முடியுமா? அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடமும் பிரிட்டன் வானிலை அலுவலகமும் சேர்ந்து, தவறைக் கண்டுபிடித்துக் கழிக்கும் மென்பொருளைத் தரையில் எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இது.

அடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, தர முத்திரை எல்லாம் ஒட்டவேண்டும். இதில் டேட்டா பல மடங்கு வீங்கிவிடும். கீழே இறக்கும் டேட்டாவைக் குறைக்க, செயற்கைக்கோளிலேயே கொஞ்சம் இளைக்க வைக்கிறார்கள். சுவோமியின் வியர்ஸ் கேமரா 3,000 கிலோமீட்டர் அகலத்துக்குப் பார்க்கும். ஓரங்களில் அடுத்தடுத்த வரிகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். திரும்ப வரும் புள்ளிகளைச் செயற்கைக்கோளே வெட்டிவிட்டு அனுப்புகிறது. வரைபடத்தில் பொருத்தாத படத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் இருந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டாம்.

[திரையில்: ஓடும் கடிகாரம். 28:00]

எல்லாவற்றையும்விட ராணுவம் பார்ப்பது நேரத்தை. என்போஸ் என்று ஒரு கூட்டுத் திட்டம் இருந்தது; 1994-ல் அதிபர் கிளின்டன் காலத்தில் ராணுவ, பொதுத்துறை வானிலைச் செயற்கைக்கோள்களை ஒன்றாக்க முடிவெடுத்ததில் பிறந்தது. உலகம் முழுக்க 15 இடங்களில் ஆன்டெனா, 95 சதவீத டேட்டா 28 நிமிடத்துக்குள் நான்கு மையங்களுக்கும் போய்விடவேண்டும் என்பது கனவு. செலவு எகிறி, காலம் இழுத்து, 2010 பிப்ரவரியில் அதை மூடினார்கள். 15 ஆன்டெனாவும் வரவில்லை. ராணுவத்துக்கென்று அடுத்துத் தொடங்கியதும் 2012-ல் நின்றது. டிஎம்எஸ்பி எஃப்-19 2014-ல் போய் இரண்டே ஆண்டில் கட்டளையை ஏற்க மறுத்துவிட்டது. எஃப்-20 ஏவப்படவே இல்லை. புது ராணுவ நுண்ணலைச் செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில்தான் மேலே போனது. இத்தனை திட்டங்கள் வழியில் விழுந்ததால்தான் 2003-ல் ஏவிய கருவிக்காக 2025-ல் சண்டை போட வேண்டியிருந்தது.

[திரையில்: கொந்தளிக்கும் கடலில் கப்பல்]

கடைசிக் கட்டம், கப்பல். 1944 டிசம்பர் 18, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அமெரிக்கக் கடற்படை அணி ஒரு சூறாவளிக்குள் மாட்டியது. மூன்று நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின, கிட்டத்தட்ட 790 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடப் போடவில்லை. கடற்படை வானிலைக்கு இவ்வளவு செலவழிப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் நடுக்கடல் கப்பலின் இணைப்பு ஒடுங்கியது. அதையும் பலர் பங்கு போடுகிறார்கள். ஜிகாபைட் கோப்பை அங்கே அனுப்ப முடியாது. அதனால் கணக்கை எல்லாம் மான்டெரேயிலேயே முடித்து, அந்தக் கப்பல் போகும் வட்டாரத்தின் காற்றும் அலை உயரமும் மட்டும் நறுக்கி அனுப்புகிறார்கள். இன்னொரு சிக்கல், கப்பல் ஒரு கோரிக்கை அனுப்பினாலே அந்த ரேடியோ அலை அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ஆகவே கேட்காமலேயே வந்து சேரும்படி ஏற்பாடு வேண்டும். பெரிய கப்பல்களில் செயற்கைக்கோளில் இருந்து நேராகப் பிடிக்கும் கருவியும் வைத்தார்கள். காத்திருக்கவும் வேண்டாம், வாய் திறக்கவும் வேண்டாம். குறை என்னவென்றால், செயற்கைக்கோள் அப்போது அந்தப் பக்கம் பார்க்கும் பகுதி மட்டும்தான் கிடைக்கும். டிஎம்எஸ்பி இப்படி நேராக ஒலிபரப்புவது பூட்டுப் போட்ட குறியாக்கத்தில். சாவி இல்லாதவர் கேட்டுப் பயனில்லை.

நீர்மூழ்கியைத் தேடுபவர்களுக்கு ஸ்டென்னிஸின் வெப்பக் கணக்கு வேண்டும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், ஆனால் வெப்பத்துக்கு ஏற்ப அந்த வேகம் மாறி, பாதை வளையும். சோனார் எங்கே குருடாகும் என்பது அதில் இருந்து வருகிறது. இதை இன்னொரு வீடியோவில் பார்ப்போம்.

[திரையில்: வங்காள விரிகுடா, புயல் பாதை]

இந்த டேட்டா குழாயின் ஒரு முனை நம் பக்கமும் திறந்திருக்கிறது. ஹவாயின் பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து நடத்தும் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம், ஜேடிடபிள்யூசி, 1959-ல் தொடங்கியது. வங்காள விரிகுடாவும் அதன் எல்லைக்குள் வரும். புயல் சமயத்தில் நம் வானிலை ஆர்வலர்கள் அதன் படங்களைப் பகிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்னதைவிட அதில் காற்று வேகம் கூடுதலாக இருந்தால் யாரோ மறைக்கிறார்கள் என்று கிளம்பவேண்டாம். அவர்கள் சொல்வது ஒரு நிமிடச் சராசரி, நம்மவர்கள் சொல்வது மூன்று நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு ஒரு நிமிட எண் பொதுவாகச் சற்று அதிகமாகத்தான் வரும். நம் கரைக்கு எச்சரிக்கை என்றால் இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்வதைக் கேளுங்கள். ஹவாயில் இருந்து வருவது அவர்களுடைய கப்பல்களுக்காக எழுதியது.